பெரிக்கிளிஸ் நாடகம் பார்க்கப் போகிறீர்களா? முடிவைத் தெரிந்துகொண்டு போங்கள்

பத்தாங்காலி மாதிரி தோட்டப்புற ஊரிலிருந்து கிளம்பி, கோலாலம்பூர் அரங்கில் ஷேக்ஸ்பியர் பார்க்கப் போகிறோம், அதுவும் பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித்தராத 'பெரிக்கிளிஸ்' என்றால் முதல் பயம் ஆங்கிலம்தான். அந்தப் பயம் வேண்டாம். முந்தின நாளே கதையை முழுசாகப் படித்துவிடுங்கள், முடிவையும் சேர்த்து. தோட்டத்துத் திருவிழாவில் அரிச்சந்திரன் கூத்துப் பார்த்த நம் பாட்டிமார் யாராவது கதை தெரியாமல் உட்கார்ந்தார்களா? மயான காண்டம் வரும் என்று தெரிந்தேதான் விடிய விடிய இருந்து அழுதார்கள்.

தீரு நாட்டு இளவரசன் பெரிக்கிளிஸின் கதை ஊர் ஊராக ஓடும்: அந்தியோகியா, தீரு, தர்சு, பெந்தாபொலிஸ், எபேசு, மித்திலீன். பெயர்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். தடுமாறினால் ஜான் கவர் (John Gower) என்ற பாத்திரத்தைக் கவனியுங்கள். 1408இல் இறந்த ஆங்கிலக் கவிஞர் அவர், இந்த நாடகத்தில் கட்டியங்காரன் வேலையைச் செய்கிறார். எந்த ஊர், எத்தனை வருசம் ஓடிவிட்டது என்று அவரே வந்து சொல்லிவிடுவார்.

முதல் இரண்டு அங்கம் கொஞ்சம் கரடுமுரடாக இருக்கும். அதை எழுதியவர் ஜார்ஜ் வில்கின்ஸ் என்பதுதான் பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு, 1609இல் வந்த அச்சிலும் பிழைகள் ஏராளம், 1623இல் ஷேக்ஸ்பியர் நாடகங்களைத் தொகுத்தவர்கள் இதைச் சேர்க்கவே இல்லை. பொறுத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் அங்கத்தில் புயல் வந்ததும் மொழியே மாறிவிடும்: கப்பலில் பெரிக்கிளிஸுக்கு மகள் பிறக்கிறாள், தாய் இறந்துவிட்டாள் என்று நினைத்து அவளைப் பெட்டியில் வைத்துக் கடலில் விடுகிறார்கள், அந்தப் பெட்டியோ எபேசுவில் கரை சேர்கிறது, அங்கே அவள் கண் விழிக்கிறாள்.

இந்த நாடகத்தின் உயிர் ஐந்தாம் அங்கத்தில் இருக்கிறது. மனைவி போனாள், மகளும் இறந்துவிட்டாள் என்று நம்பிய பெரிக்கிளிஸ், முடி வெட்டாமல், யாரிடமும் பேசாமல் கப்பலில் கிடக்கிறான். யாரென்று தெரியாத ஒரு பெண்ணை அழைத்துவந்து பாட வைக்கிறார்கள். அவள் பேச வந்ததும் பிடித்துத் தள்ளிவிடுகிறான். அவள் நகரவில்லை; தானும் துன்பப்பட்டவள்தான் என்கிறாள். கேள்வி மேல் கேள்வியாகக் கேட்கிறான்: யார் நீ, எங்கே பிறந்தாய்? கடலில் பிறந்ததால் மரினா என்று பெயர் வைத்தார்கள் என்கிறாள். அவ்வளவு எளிய சொற்கள், அகராதியே தேவையில்லை. அப்புறம் வேறு யாருக்கும் கேட்காத ஓர் இசை அவனுக்கு மட்டும் கேட்கும். அந்த நேரத்தில் நடிகரின் முகத்தை மட்டும் பாருங்கள்.

சரி, டிக்கெட் எடுக்கும்போதே நாடகம் எத்தனை மணிக்கு முடியும் என்று கேட்டுவிடுங்கள். கடைசி கொமுட்டர் ரயிலைப் பிடிக்க முடியாது என்றால் மதியக் காட்சிக்குப் போங்கள், அல்லது நாலு பேராகச் சேர்ந்து ஒரே காரில் போங்கள். ரயிலுக்காக நடுவில் எழுந்தால் தகப்பனும் மகளும் சேரும் இடம் போய்விடும்.