வேனுக்குள் கமரா: புதியவர்கள் செய்யும் தவறுகள்

கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஒரு தம்பி தன் ஸ்கூல் வேனுக்கு உள்பக்கம் பார்க்கும் கமரா பூட்டிக்கொண்டிருந்தார். வேலை முடிந்ததும் என்னிடம், "அண்ணை, இதிலயிருந்து நேரா வட்ஸ்அப்புக்கு அனுப்பலாம்தானே?" என்றார். எனக்குத் திக்கென்றது. எங்கே ஒட்டுவது, எத்தனை ஜிபி கார்ட் என்பதெல்லாம் கடைக்காரரே சொல்வார். நான் சொல்ல வருவது வேறு: பதிவானதை என்ன செய்வது, என்ன செய்யக்கூடாது என்பது.

கிளிப்பைப் பெற்றோர் குழுவில் போடுவது

வெள்ளவத்தையில் வேன் ஓடத் தொடங்கிய புதிதில் நான் செய்தது இதைத்தான். "என் மகனுக்கு டிரைவர் அடித்தாராம்" என்று ஒரு தாய் குழுவில் எழுதினார். டிரைவர் அடிக்கவில்லை. அதை நிரூபிக்கும் அவசரத்தில் 40 செக்கன் கிளிப்பை வெட்டிக் குழுவில் போட்டேன். அதன் ஓரத்தில், வாந்தி எடுத்துச் சட்டை நனைந்த ஒரு சிறுமி அழுதுகொண்டிருந்ததை நான் கவனிக்கவே இல்லை. பத்து நிமிடத்தில் அழித்தேன். அதற்குள் அது வேறு குழுக்களுக்குப் போய்விட்டது. அன்றிரவு அவளின் தகப்பன் போன் எடுத்தார். அவர் சத்தம் போடவில்லை, அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. அடுத்த மாதம் இரண்டு குடும்பங்கள் வேனை விட்டன. அந்தப் பிள்ளை தொடர்ந்து வந்தாள். ஆனால் கமராவுக்கு எட்டாத பின் மூலையில், பையை முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டுதான் இருப்பாள்.

இன்றைக்கும் யாராவது "ஆதாரம் போட்டேன்" என்று பெருமையாகச் சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. கேட்கும் பெற்றோரைக் கூப்பிடுங்கள், மற்றப் பிள்ளைகளின் முகத்தை மறைத்து உங்கள் திரையிலேயே காட்டுங்கள். கோப்பைக் கையில் கொடுக்காதீர்கள். பொலிஸ் கேட்டால், எந்த நாள், எந்த நேரத்துப் பதிவு என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு அதை மட்டும் கொடுங்கள்.

"என் வேன், என் கமரா"

இலங்கையின் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் விலக்களிப்பது முற்றிலும் சொந்த, வீட்டுத் தேவைக்கு மட்டும்தான். காசுக்கு ஓடும் வேன் அதற்குள் அடங்காது. பிள்ளைகளின் தகவலை அந்தச் சட்டம் விசேட வகையில் சேர்க்கிறது, அதற்குக் கவனமும் கூடுதலாக வேண்டும். தரவுப் பாதுகாப்பு அதிகாரசபையின் பணிப்புரையை மீறினால் தண்டப்பணம் ஒவ்வொரு மீறலுக்கும் 1 கோடி ரூபா வரை போகலாம்.

"அந்தச் சட்டம்தான் தள்ளிப்போனதே"

முக்கிய பகுதிகள் 2025 மார்ச்சில் வரவிருந்து தள்ளிப்போனது உண்மை. ஆனால் 2024 இல் வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டம் இருக்கிறது. ஒருவரைத் துன்புறுத்தும் நோக்கத்தோடு அவரின் அந்தரங்கத் தகவலை இணையத்தில் வெளியிடுவது அதன்படி குற்றம். காசு தராத பெற்றோரோடு சண்டை பிடித்துக்கொண்டு கிளிப் போடுபவர் இதை யோசிக்க வேண்டும்.

அறிவித்தல் ஒட்டாமல் விடுவது

உள்ளே கமரா இருக்கிறது என்று கதவருகே, மூன்று மொழியிலும், உங்கள் போன் இலக்கத்தோடு ஒட்டுங்கள்.

மைக்

கமராவின் மைக்கை நிறுத்தி வையுங்கள்.

கார்டோடு வேனை கராஜில் விடுவது

கழற்றிப் பொக்கெட்டில் போட்டுக்கொண்டு போங்கள்.