கார்த்திகை வெண்ணெயை சித்திரைக்கு நெய்யா எடுத்து வைக்கிறது எப்படி

வெண்ணெய் வருஷம் பூரா ஒரே மாதிரி இருக்காதுங்க. அதே மாடு, அதே வீடு, அதே மத்துதான், ஆனா கார்த்திகையில கடையுற வெண்ணெய் நல்லா மஞ்சளா, விரல் வச்சா அமுங்குற பக்குவத்துல இருக்கும், சித்திரையில கடைஞ்சா வெளுத்துப் போயி, அதே குளிர்ச்சியில வச்சுப் பாத்தா கட்டியா இருக்கும். காரணம் மாடு என்ன திங்குதுங்கறதுதான். அதனால மஞ்ச வெண்ணெய் கிடைக்கிற நாள்லயே வாங்கி நெய்யா உருக்கி வச்சுக்கணும்னு நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டே இருக்கேன்.

பச்சைப் புல்லுல பீட்டா கரோட்டின் நெறைய இருக்கு. பசு அதுல ஒரு பங்கை வைட்டமின் ஏ-வா மாத்திக்கும், மிச்சம் அப்படியே பாலோட கொழுப்புல வந்துரும், அந்த மஞ்ச கலர் அதுதான். அதே புல்லையோ வைக்கோலையோ வெயில்ல காயப் போட்டா கரோட்டின் பெரும்பகுதி போயிரும். வைட்டமின் ஈ-யும் அப்படித்தான். பச்சை மேய்ச்சல் மாட்டு வெண்ணெய்ல ஒமேகா 3, சிஎல்ஏ மாதிரி கொழுப்பும் கூடுதலா இருக்கும், உருகுற தன்மை உள்ள கொழுப்பு கூடுறதாலதான் வெண்ணெய் இளகலா வருது. பருத்திக்கொட்டை ஆட்டி வைக்கிற மாட்டுல வெண்ணெய் கெட்டியா வரும், அது கலப்படம்னு நெனைக்க வேண்டாம், தீனியோட குணம்.

இப்ப நம்ம மதுரைப் பக்கத்துக்கு வருவோம். மேலூர், அலங்காநல்லூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டி எந்தப் பக்கம் எடுத்தாலும் பெரிய மழை ஐப்பசி கார்த்திகையிலதான். மழை விழுந்த உடனே வெண்ணெய் மாறிராது, புல்லு கிளம்பணும், மாடு அதைத் தின்னு உடம்புல ஏறணும், ரெண்டு மூணு வாரம் ஆகும். அதனால கார்த்திகை பாதியில இருந்து தை கடைசி வரைக்கும்தான் நல்ல காலம்னு வச்சுக்கங்க. கண்மாய்க்கரை, வரப்பு, ஓடைப்பக்கம் எல்லாம் அருகம்புல்லும் கொழுக்கட்டைப் புல்லுமா கிடக்கும். அறுப்பு முடிஞ்சு மாசி வந்துட்டா வக்கலும் சோளத்தட்டையும்தான், பங்குனி சித்திரையில கேக்கவே வேண்டாம். ஆவணி புரட்டாசியில நல்ல மழை பேஞ்ச வருஷம் நடுவுல ஒரு சின்ன சீசன் கிடைக்கும், அதை நம்பி இருக்க முடியாது.

வாங்கும்போது கலரை மட்டும் பாத்து ஏமாறாதீங்க. ஜெர்சி கிராஸ் மாட்டுப் பால்ல இயல்பாவே மஞ்ச கூடும். கன்னு போட்ட புதுசுல எந்தப் பசுவா இருந்தாலும் பால் மஞ்சளாத்தான் இருக்கும். எருமை வெண்ணெய் எவ்வளவு பச்சை தின்னாலும் வெள்ளைதான், ஏன்னா எருமை கரோட்டினை கிட்டத்தட்ட முழுசா வைட்டமின் ஏ-வா மாத்திரும், அதுக்காக அதுல சத்து இல்லைன்னு ஆயிராது. அதனால ஒரு மாட்டோட வெண்ணெயை அதே மாட்டோட போன மாசத்து வெண்ணெயோட ஒப்பிட்டுப் பாருங்க, அதுதான் சரியான கணக்கு. மாட்டுக்காரர்கிட்ட நேரா கேட்டுருங்க, "அண்ணே, மாடு அவுத்து மேயுதா, கட்டுத்தறியிலயே நிக்குதா? பச்சை என்ன போடுறீங்க?" அவுக மறைக்க மாட்டாக, தன் மாட்டைப் பத்திக் கேட்டா சந்தோஷமா சொல்லுவாக. புளிக்குளம் கிடை மாட்டு (மந்தையா ஓட்டிட்டுப் போயி ராத்திரி வயல்ல அடைக்கிற நாட்டு மாடு) வெண்ணெய் கிடைக்குமான்னு சிலர் தேடுறாங்க, அந்த மாடு நல்லா காட்டுல மேயுறதுதான், ஆனா பால் ரொம்பக் கம்மி, கன்னுக்கே சரியாப் போயிரும், கிடை போடுறதும் வயலுக்கு எருவுக்காகத்தான். விற்பனைக்கு வெண்ணெய் எதிர்பாக்காதீங்க.

வீட்டுல எடுக்கணும்னா பாலை நல்லா பொங்கக் காய்ச்சி ஆற வச்சு ஆடையை எடுத்து ஒரு சட்டியில சேருங்க, முதல் நாளே கொஞ்சம் தயிர் விட்டுருங்க, அடுத்தடுத்த நாள் ஆடையும் அதுலயே உறையும். பிரிட்ஜ்ல வச்சாலும் ஒரு வாரத்துக்கு மேல போக விடாதீங்க, காரல் அடிச்சிரும். கடையுறதை விடியக்காலையில வச்சுக்கங்க. மார்கழிக் குளிர்ல தானா திரண்டு வரும், வெயில் ஏறிட்டா மோர்லயே கரைஞ்சு நிக்கும், அப்ப கொஞ்சம் ஐஸ் தண்ணி விட்டா சேர்ந்துரும். முதல்ல நுரை, அப்புறம் மத்துல ரவை ரவையா ஒட்டும், சத்தம் மாறி மத்து கனமா சுத்தும், அங்க நிறுத்திரணும், அதுக்கு மேல கடைஞ்சா மோரை உள்ள இழுத்துக்கும். பச்சைத் தண்ணியில மூணு நாலு தடவை, தண்ணி தெளிவா வர்ற வரைக்கும் அலசுங்க. மோர் தங்கினா சீக்கிரம் கெட்டுரும்.

பசும்பால் ஒரு லிட்டருக்கு சுமாரா 40 கிராம் வெண்ணெய் வரும், அப்ப ஒரு கிலோவுக்கு 25 லிட்டர் பால். அந்த ஒரு கிலோ வெண்ணெயை உருக்கினா 700ல இருந்து 800 கிராம் நெய். இவ்வளவு பால் வேணும்கறதால ரொம்ப மலிவா நாட்டு நெய்னு யாராவது குடுத்தா யோசிங்க.

உருக்கும்போது அடி கனமான சட்டி, சின்னத் தீ. தண்ணி வத்துற வரைக்கும் சடசடன்னு சத்தம் வரும், சத்தம் அடங்கி நுரை மெலிஞ்சு அடியில கசண்டு பொன்னிறமா ஆகுறப்ப ஒரு கொத்து முருங்கைக்கீரை போட்டு இறக்கிருங்க. கருக விட்டா வாசனையும் போச்சு சத்தும் கொறையும். வெதுவெதுப்பா ஆனதும் வடிகட்டி, ஈரம் துளிகூட இல்லாத எவர்சில்வர் டப்பாவுல கழுத்து வரைக்கும் நிரப்பி மூடுங்க. கண்ணாடி பாட்டில்ல ஜன்னல் ஓரம் அழகுக்கு வைக்காதீங்க, வைட்டமின் ஏ-க்கு வெளிச்சமும் காத்தும் ஆகாது. பெரிய டப்பாவா ஒண்ணு வைக்காம சின்னச் சின்ன டப்பாவா பிரிச்சு வச்சா ஒண்ணு ஒண்ணா திறக்கலாம், மத்ததுக்கு காத்து படாது. கசண்டுல சுடு சோறு போட்டு பெரட்டி பிள்ளைகளுக்கு குடுத்துருங்க.

சாப்பிடுறதுக்கும் ஒரு அளவு இருக்கு. 100 கிராம் வெண்ணெய்ல வைட்டமின் ஏ சுமாரா 680 மைக்ரோகிராம், நம்ம சாப்பிடுற 10 கிராம்ல 70தான் வரும், பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு 840ல இருந்து 1000 வேணும். அதனால வெண்ணெயை மட்டும் நம்பாம முருங்கைக்கீரை, அகத்திக்கீரை, வெயில் காலத்துல மாம்பழம் எல்லாம் சேத்துக்கங்க. கீரையில இருக்கிற கரோட்டின் உடம்புல சேர கொழுப்பு வேணும், அதனால கீரை மசியல் மேல ஒரு ஸ்பூன் நெய் விட்டுச் சாப்பிடுறது ரொம்ப நல்ல பழக்கம். கொலஸ்ட்ரால், இதய நோவு இருக்கிறவங்க டாக்டர் சொன்ன அளவைத் தாண்டாதீங்க.

வெயில் காலத்துலயும் புது வெண்ணெய்தான் வேணும்னா கிணத்துப் பாசனம் உள்ள மாட்டுக்காரரா தேடுங்க. பம்புசெட் தண்ணியில கோ-4ங்கற தீவனப் புல்லும் வேலிமசால்ங்கற தீவனச் செடியும் போட்டு, வரப்புல அகத்தி நட்டு வச்சிருக்கிறவங்க ஊருக்கு ஒண்ணு ரெண்டு பேராவது இருப்பாங்க, அவங்க மாட்டுல சித்திரையிலயும் வெண்ணெய் மஞ்ச தட்டும். விலை கொஞ்சம் கூடச் சொன்னாலும் பேரம் பேசாம குடுங்க, அந்த வெயில்ல பச்சைக்குத் தண்ணி பாய்ச்சுறது லேசுப்பட்ட வேலை இல்ல.