பினாங்குத் தெருவில் ஒரு பூனை, ஒரு பூக்கார அக்கா, ஒரு மர்மக் கதை: எழுதத் தொடங்குகிறவர்களுக்கு

கொலை நடக்கும், ரத்தம் கண்ணில் படாது. துப்பறிகிறவர் போலீஸ்காரர் இல்லை, பக்கத்துக் கடைக்காரர். அவர் காலைச் சுற்றிக்கொண்டு ஒரு பூனை. ஆங்கிலத்தில் ‘கோஸி மிஸ்டரி’ என்று சொல்லப்படும் இந்த வகைக் கதையைத் தமிழில், அதுவும் நம் பினாங்கில் வைத்து எழுதிப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கான செய்முறை இது. நாவல் பிறகு இருக்கட்டும். முதலில் மூவாயிரம் நாலாயிரம் சொற்களில் ஒரு சிறுகதையை முடியுங்கள்.

பூனையைத் துப்பறியும் கதைக்குள் கொண்டுவந்தது புதிய யோசனை இல்லை. அமெரிக்காவில் லிலியன் ஜாக்சன் பிரான் 1966இல் ஒரு பத்திரிகையாளரையும் சயாமியப் பூனையையும் வைத்துத் தொடங்கினார். மூன்று நாவலோடு நின்றுபோனது. 1986இல் மறுபடி ஆரம்பித்து, மொத்தம் 29 நாவல்வரை போனார். ஜப்பானில் அகாகவா ஜிரோவின் மூவண்ணப் பூனை 1978இல் வந்தது. இன்னொரு அமெரிக்கர் ரீட்டா மே பிரவுன், தன் பூனையின் பெயரையும் சேர்த்து அட்டையில் போட்டுக்கொள்கிறவர். அவர் கதைகளில் விலங்குகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும். பிரானின் பூனைகள் பேசாது. இந்த இரண்டில் எந்த வழி என்பதை எழுத உட்காரும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். தொடங்குகிறவர்களுக்குப் பேசாத பூனைதான் நல்லது என்பேன். பேசுகிற பூனை எல்லாவற்றையும் சொல்லிவிடும், நீங்கள் மறைக்க ஒன்றும் மிஞ்சாது.

படி 1: தெரு

ஊர் முழுக்க வேண்டாம், நாலு தெரு போதும். பினாங்கின் தலைநகர் ஜார்ஜ் டவுனில் இருக்கும் லிட்டில் இந்தியாவை எடுத்துக்கொள்வோம். மார்க்கெட் ஸ்திரீட், குயின் ஸ்திரீட், கிங் ஸ்திரீட், பினாங்கு ஸ்திரீட். குயின் ஸ்திரீட்டில் 1833இல் எழுந்த மகாமாரியம்மன் கோயில். ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற தூரம்.

கடைவீடுகளின் அமைப்பைப் போய் நின்று பாருங்கள். கீழே கடை, மேலே வீடு, நடுவில் வானம் தெரியும் முற்றம், செங்குத்தான மரப்படி, முன்னால் அஞ்சடி எனும் கூரை போட்ட நடைபாதை, பின்னால் சந்து. வரிசை முழுக்கக் கூரை ஒட்டிக்கொண்டிருக்கும். பூனை ஒரு வீட்டு முற்றத்தில் இறங்கி மூன்றாவது வீட்டில் ஏறிவிடும், மனிதரால் முடியாது. பூனைக்கு இந்தக் கட்டடத்தைவிட நல்ல மேடை கிடைக்காது.

படி 2: துப்பறிகிறவருக்கு ஒரு தொழில்

வேலையை விட்டு ஓய்வு பெற்ற புத்திசாலி என்று எழுதாதீர்கள். எல்லோரும் அவரிடம் வந்து போக ஒரு காரணம் வேண்டும். என் தேர்வு பூக்கடை. நம் உதாரணக் கதைக்கு ராஜம்மா அக்கா என்று வைத்துக்கொள்வோம். கல்யாண மாலையா, கோயில் மாலையா, சாவு மாலையா என்பது ஊருக்குத் தெரிவதற்குள் பூக்காரருக்குத் தெரிந்துவிடும். யாருக்கு யாரோடு பேச்சுவார்த்தை இல்லை என்பதும் தெரியும். யாரும் அவரைப் பார்த்து வாயை மூடிக்கொள்ள மாட்டார்கள்.

சாவுச் செய்தி வருவதற்கு முன்பே மாலைக்குச் சொல்லிவைத்தவன்தான் கொலையாளி என்று உடனே தோன்றும். தோன்றட்டும். அதைப் பொய்த் தடயமாக வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் வாசகருக்கும் அதுதான் முதலில் தோன்றும்.

படி 3: பூனை

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். பூனை சாவியைக் கவ்விக்கொண்டு வரும், கொலைகாரனைப் பார்த்துச் சீறும், கடைசியில் அவன் முகத்தில் பாயும். வேண்டாம். பூனை துப்பறியக்கூடாது. பூனை எப்போதும் செய்வதையே செய்ய வேண்டும். அதை மனிதர்கள் முதலில் தப்பாகப் புரிந்துகொள்ள வேண்டும். இந்த வகைக் கதையின் சூட்சுமம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

அதனால் பூனையின் குணங்களைச் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள். பூனைக்கு இனிப்புச் சுவை தெரியாது. ஆகவே உங்கள் பூனை ஜிலேபியைத் திருடாது. பால்கோவாவை நக்கினால் அது பாலுக்காக. மனிதக் காதுக்கு எட்டாத கீச்சுச் சத்தம் அதற்குக் கேட்கும். நாளில் பாதிக்கு மேல் தூங்கும். மூவண்ணப் பூனை கிட்டத்தட்ட எப்போதும் பெட்டைதான். ‘மூணு கலர் கடுவன் என்னைப் பிராண்டிடுச்சு’ என்று சாட்சி சொன்னால் அவர் அந்தப் பூனையைப் பார்த்தது சந்தேகம். இது கொஞ்சம் பழைய தந்திரம், ஆனாலும் சிறுகதைக்குத் தாங்கும்.

வெளிநாட்டுப் பூனையும் வேண்டாம். நம் தெருப் பூனைகள் பலவற்றுக்கு வால் பாதியில் நின்றிருக்கும், இல்லை நுனி முறுக்கியிருக்கும். பிறவியிலேயே அப்படி. ராஜம்மாவின் பூனைக்கும் அரைவால்தான், பெயர் கட்டை. அப்புறம் ஒன்று: பூனை சாகக்கூடாது. மனிதர் எத்தனை பேர் செத்தாலும் பொறுத்துக்கொள்ளும் வாசகர், பூனை செத்தால் புத்தகத்தை மூடிவிடுவார்.

படி 4: சாவும் அதற்கான காரணமும்

வாடகை வசூலிக்கும் கணக்குப்பிள்ளை ஒருவர் கடைவீட்டு மரப்படியின் அடியில் கிடக்கிறார். வழுக்கி விழுந்ததாகத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். சாவு நடப்பதைக் காட்ட வேண்டாம், கண்டெடுப்பதில் தொடங்குங்கள்.

காரணம் இரண்டு அடுக்காக இருக்கட்டும். மேலடுக்கு எல்லோருக்கும் தெரிந்த கோபம். பினாங்கில் அதற்குப் பஞ்சமே இல்லை. 1948க்கு முன் கட்டிய கட்டடங்களுக்கு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தது. அதை 1997இல் நீக்கினார்கள். 1999 கடைசியோடு அவகாசம் முடிய, வாடகை ஏறி, தலைமுறையாக இருந்தவர்கள் பலர் காலி செய்தார்கள். 2008இல் ஜார்ஜ் டவுன் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் வந்தது. பழைய கடைவீடுகள் தங்கும் விடுதிகளாக மாறின. ஆக, கணக்குப்பிள்ளை மீது தெருவில் பாதிப் பேருக்கு ஆத்திரம் என்றால் நம்புவார்கள்.

கீழடுக்கு, ஒருவருக்கு மட்டுமே தெரிந்த காரணம். தையற்கடை மணியம் மேல்மாடியில் யாருக்கும் தெரியாமல் வாலிட் குருவி, அதாவது மனிதர் சாப்பிடும் கூட்டைக் கட்டும் பறவை, வளர்க்கிறார். உமிழ்நீரால் கட்டும் அந்தக் கூட்டுக்கு நல்ல விலை. சன்னலை அடைத்து, சின்னத் துவாரம் விட்டு, பறவைச் சத்தத்தைப் பதிவு செய்து ஒலிக்கவிட்டால் குருவிகள் வந்து தங்கும். பாரம்பரிய வட்டாரத்துக்குள் இதற்கு அனுமதி கிடையாது. கணக்குப்பிள்ளை கண்டுபிடித்துவிட்டார், பங்கு கேட்டார். சரி, கொலைக்கு இது போதும்.

படி 5: தடயங்களை வைப்பது

கதையின் உழைப்பு முழுக்க இங்கேதான். மூன்று தடயம் போதும், மூன்றும் வேறு வேறு வகையாக இருக்கட்டும்.

ஒன்று, கட்டை தினமும் அந்தி நேரத்தில் தையற்கடை மேல்மாடிச் சுவரை அண்ணாந்து பார்த்தபடி உட்கார்ந்திருக்கும். பக்கத்துக் கடைப் பாட்டி, ‘பூனைக்குக் காத்து கருப்பு தெரியும்’ என்று திருநீறு பூசுவார். வாசகர் சிரித்துவிட்டுப் போவார். உண்மையில் கூடு திரும்பும் குருவிகளைத்தான் அது கேட்டுக்கொண்டிருக்கிறது.

இரண்டு, குப்பைமேனி. பின்சந்தில் சிமெண்டு வெடிப்பில்கூட முளைக்கும் இந்தச் செடிக்குப் பூனைவணங்கி என்றும் பெயர் உண்டு. பிடுங்கிய வேரின் வாசனைக்குப் பூனை மயங்கிப் புரளும். கொலைக்குப் பிறகு ஒலிபரப்பும் பெட்டியைப் பின்சந்தில் புதைக்க மணியம் அந்தச் செடிகளைப் பிடுங்குகிறார். மறுநாள் காலையில்:

‘ஆறரை மணிக்கு ராஜம்மா கடையின் பலகையைக் கழற்றினாள். வாளியில் நேற்றைய தாமரை வாடிக் கிடந்தது. அஞ்சடியில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த மணியத்தின் செருப்பில் கட்டை முகத்தைத் தேய்த்து மல்லாந்து புரண்டது. “உனக்கு என் காலுதான் கெடச்சுதா சனியனே” என்று அவர் காலை இழுத்துக்கொண்டார். அதற்குள் லோரியிலிருந்து மல்லிகை மூட்டை நழுவி விழுந்து அவிழ, ரோடெல்லாம் பூ. “அக்கா, சாமிக்கு முன்னாடி ரோட்டுக்கு அர்ச்சனை ஆயிடுச்சு” என்றான் பையன்.’

தடயம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். வாடிய தாமரைக்கும் சிதறிய மல்லிகைக்கும் நடுவில். முன்னால் ஒரு சாதாரண விவரம், பின்னால் ஒரு கலாட்டா. தடயத்தைப் பத்தியின் கடைசியில் வைத்தால் அது கையைத் தூக்கி ஆஜர் சொல்லிவிடும். பூனை ஆளை வெறுக்கவில்லை, கொஞ்சுகிறது என்பதையும் கவனியுங்கள். பூனை கொஞ்சுகிறவன் நல்லவன் என்று நினைப்பது வாசகர் பழக்கம்.

மூன்றாவதில் பூனை வேண்டாம். மணியம் போலீசிடம், ‘காலையில ஆறரைக்குப் பின்சந்துக் கோடியில கணக்குப்பிள்ளை நீலச் சட்டை போட்டுட்டு நடந்து போனதைப் பார்த்தேன்’ என்கிறார். பினாங்கில் எந்த மாதமானாலும் சூரியன் ஏழு மணியையொட்டியோ அதற்குப் பிறகோதான் உதிக்கிறது. விளக்கில்லாத சந்தில் ஆறரைக்குத் தூரத்துச் சட்டையின் நிறம் எப்படித் தெரியும்? தமிழ்நாட்டு வாசகர் இதைக் கோட்டைவிடுவார், பினாங்குக்காரர் பிடித்துவிடலாம். அதனால் அந்த வரியை நீளமான சாட்சியத்துக்குள் அமுக்கிவையுங்கள். கதை 1982க்கு முன் நடந்தால் இந்தத் தடயம் செல்லாது. அந்த ஆண்டு ஜனவரி 1ஆம் தேதிதான் மலேசியத் தீபகற்பத்தில் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளினார்கள்.

படி 6: போலீஸ்

போலீசை முட்டாளாக்காதீர்கள். வாசகருக்கு அலுத்துவிட்டது. இன்ஸ்பெக்டர் மலாய்க்காரராக இருக்கலாம், ராஜம்மாவை ‘ஆன்ட்டி’ என்று மரியாதையாகக் கூப்பிடலாம். திடீர் மரணம் என்று பதிவாகும், உடல் பிரேத பரிசோதனைக்குப் போகும். அந்த அறிக்கை ராஜம்மா கைக்கு வர வழியே இல்லை. ஆனால் உடல் எப்போது வீட்டுக்கு வரும், ஏன் தாமதம் என்பதெல்லாம் மாலைக்குச் சொல்ல வரும் மருமகன் வாயால் வரும். போலீசுக்கு ஆய்வுக்கூடம், அக்காவுக்கு வாடிக்கையாளர்கள். அவரவர் வழியில் போகட்டும்.

படி 7: முடிச்சை அவிழ்ப்பது

எல்லோரையும் ஓர் அறையில் உட்காரவைத்து உரை நிகழ்த்தும் முடிவு நம் கதைக்கு ஒட்டாது. ராஜம்மா மணியத்திடம் மாலைக் காசை வாங்கும்போது பேச்சுவாக்கில் கேட்கட்டும்: ‘ஏன் தம்பி, பின்சந்துல குப்பைமேனி புடுங்குனீங்களா? மூலத்துக்கா, சொறிக்கா?’ அவர் ‘இல்லையே’ என்று சொல்லும் வேகமே போதும். அதற்குப் பிறகு ராஜம்மாவைத் தனியாக அவரைத் துரத்திப் போகவிடாதீர்கள். இன்ஸ்பெக்டர் காலையில் தேத்தண்ணீர் குடிக்க வரும் கடை எதிர்ப்புறம்தானே, அங்கே போய்ச் சொல்லட்டும்.

முடித்ததும் இரண்டு பேரிடம் படிக்கக் கொடுங்கள். ஒருவர் பூனை வளர்ப்பவர். ‘பூனை இப்படிச் செய்யாது’ என்று அவர் சொன்ன இடத்தை விவாதம் பண்ணாமல் வெட்டுங்கள். இன்னொருவர் ஜார்ஜ் டவுன்காரர். முடிவைப் படிப்பதற்கு முன் அவரிடம் யார் கொலையாளி என்று கேளுங்கள். மணியம் என்றால், எந்த வரியில் பிடிபட்டது என்று கேட்டு அந்த வரியை மட்டும் மாற்றுங்கள். வேறு யாரையாவது சொன்னால், கடைசிவரை படித்ததும் முன்பக்கத்தைப் புரட்டிக் குப்பைமேனியைத் தேடுகிறாரா என்று பாருங்கள். தேடினால் கதையை அனுப்பிவிடலாம்.