களக் கண்காணிப்பாளர் பயிற்சி: எல்லைப்புறக் கட்டுமானங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழ்நாடு-கேரள எல்லையில், வாளையாற்றைத் தாண்டிக் கஞ்சிக்கோடு வரையிலும், தெற்கே வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறைப் பக்கமும் எழுகின்ற கட்டடங்களில் பொறியாளர் மலையாளம் பேசுவார், மேஸ்திரி தமிழ் பேசுவார், கம்பி கட்டுபவர்களும் கான்கிரீட் போடுபவர்களும் வங்காளமோ ஒடியாவோ இந்தியோ பேசுவார்கள். இவர்கள் அனைவருக்கும் நடுவில் நின்று, வரைபடத்தில் இருப்பதை வேலையாக மாற்றித் தர வேண்டியவர் சூப்பர்வைசர். அவருக்குப் பயிற்சி தேவை என்பதை இன்று எல்லா ஒப்பந்ததாரர்களும் ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் பயிற்சிக்குச் செலவு செய்த பின்பும் தளத்தில் ஒன்றும் மாறவில்லை என்ற குறைதான் அடிக்கடி காதில் விழுகிறது.

தவறு பெரும்பாலும் ஆளைத் தேர்ந்தெடுக்கும்போதே தொடங்கிவிடுகிறது. தூக்குக்குண்டு பிசகாமல் சுவர் எழுப்பும் கொத்தனாரை, அவர் நல்ல வேலைக்காரர் என்ற ஒரே காரணத்துக்காகச் சூப்பர்வைசர் ஆக்குகிறோம். அவரோ, மெதுவாகப் பூசுகிற ஆளைக் கண்டால் பொறுக்க முடியாமல் கரண்டியைப் பிடுங்கித் தானே பூசத் தொடங்குகிறார். அந்த ஒரு மணி நேரம் மற்ற பத்துப் பேரைப் பார்க்க ஆளில்லை. வேலை தெரிவது வேறு, வேலை வாங்குவது வேறு என்பதை யாரும் அவருக்குச் சொல்லித் தந்திருக்கமாட்டார்கள். டிப்ளமோ முடித்த கையோடு ஹெல்மெட்டைத் தலையில் வைத்து அனுப்பப்படும் இளைஞரின் நிலை இதற்கு நேர்மாறானது, அதே அளவு பரிதாபமானது.

இந்தக் குறை பழையது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், அனுபவமில்லாத ஆட்கள் திடீரென்று தொழிற்சாலைகளில் நிறைந்தபோது, அமெரிக்காவில் 1940 முதல் 1945 வரை மேற்பார்வையாளர்களுக்கென்றே ஒரு பயிற்சித் திட்டம் நடந்தது. வேலையைக் கற்றுக்கொடுப்பது, வேலைமுறையைச் சீராக்குவது, ஆட்களோடு இணங்கிப் போவது ஆகிய மூன்றும் அதன் முக்கியப் பாடங்கள். கற்றுக்கொடுப்பதற்கு அது நான்கு படிகளை வகுத்தது: ஆளைத் தயார்ப்படுத்து, செய்து காட்டு, அவரையே செய்யவிட்டுப் பார், பிறகு தொடர்ந்து கவனி. நம் தளங்களில் இரண்டாம் படியே அரைகுறை. மூன்றாவதும் நான்காவதும் நடப்பதை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன்.

கோயம்புத்தூரில் குளிரூட்டிய கூடம் ஒன்றை வாடகைக்கு எடுத்து, ஆங்கிலத்தில் திரைக்காட்சி ஓட்டி, மாலையில் சான்றிதழோடு படம் எடுத்துக்கொள்வது அடுத்த தவறு. அதே பாடத்தைத் தளத்தில், ஸ்லாபுக்குக் கம்பி கட்டிக்கொண்டிருக்கும் இடத்தில், அரை மணி நேரம் நடத்தினால் போதும். தூண் கம்பிக்கு 40 மில்லிமீட்டர் கவர் (கம்பியை மூடியிருக்க வேண்டிய கான்கிரீட்டின் கனம்) வேண்டும் என்ற எண்ணை மட்டும் சொன்னால், அந்த இடைவெளிக்காகக் கம்பியை ஒட்டி வைக்கும் கவர் பிளாக் தீர்ந்த அன்று ஜல்லிக்கல்லைச் செருகிச் சமாளித்துவிடுவார்கள். கவர் குறைந்தால் ஈரம் கம்பியை எட்டும், துருப்பிடித்த கம்பி பருத்துக் கான்கிரீட்டை உடைத்துக்கொண்டு வெளியே வரும் என்று பழைய கட்டடம் ஒன்றில் காட்டிவிட்டால், அவர்களே கல்லைப் பிடுங்கி எறிவார்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றும் அப்படித்தான்: காற்று வீசும் நாளில் புதிதாகப் போட்ட ஸ்லாபின் மேற்பரப்பு வேகமாக உலர்ந்து மயிரிழை வெடிப்பு விடுவதை ஒருமுறை பார்த்தவருக்கு, உடனே மூடி வைக்க வேண்டியதன் காரணத்தை விளக்கத் தேவையில்லை.

மொழியைப் பொருட்படுத்தாமல் விடுவது எல்லைப்புறத்துக்கே உரிய தவறு. மலையாளப் பொறியாளர் கலவைக்காரரிடம் “குறச்சு வெள்ளம் ஒழிக்கு” என்றால், கொஞ்சம் தண்ணீர் ஊற்று என்று பொருள். புதிதாக வந்த தமிழ் ஆளுக்கு அது தண்ணீரைக் குறைக்கச் சொன்னதாகவோ, அறவே நிறுத்தச் சொன்னதாகவோ படும். வெள்ளம் வேறு அவரைக் குழப்பும். கேட்டுச் சிரிக்கலாம், ஆனால் கான்கிரீட்டின் வலிமை தண்ணீரின் அளவில்தான் இருக்கிறது. எம்20 என்ற வலிமைத் தரத்துக்கான பெயரளவுக் கலவைக்கு 50 கிலோ சிமெண்ட் மூட்டை ஒன்றுக்கு 30 லிட்டருக்கு மேல் தண்ணீர் கூடாது என்பது, கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலையான ஐஎஸ் 456 தரும் வரம்பு. மழைக்காலத்தில் நனைந்து கிடக்கும் எம் சாண்டில் உள்ள ஈரத்தையும் அதில் கழிக்க வேண்டும். ஆகவே ‘கொஞ்சம்’, ‘குறச்சு’, ‘தோடா’ ஆகிய மூன்று சொற்களையும் தளத்திலிருந்து விலக்கி, கோடு போட்ட வாளியால் அளந்து ஊற்றும் பழக்கத்தைப் பயிற்சியிலேயே ஏற்படுத்துவது நல்லது. எந்த மொழிக்காரரானாலும், சொன்னதைத் திருப்பிச் சொல்லச் செய்வதும், முடிந்தால் செய்து காட்டச் சொல்வதும் சூப்பர்வைசரின் வேலையில் ஒரு பகுதி.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, பயிற்சி கொடுத்துவிட்டு அதிகாரத்தைக் கொடுக்காமல் இருப்பது. கான்கிரீட் இறுகும்வரை அதைத் தாங்கி நிற்கும் முட்டுகளைப் பிரிப்பதையே எடுத்துக்கொள்வோம். சாதாரண சிமெண்டுக்கு, தாங்கலுக்குத் தாங்கல் 4.5 மீட்டர் வரை நீளமுள்ள ஸ்லாபின் முட்டுகளை 7 நாளும், அதற்கு மேற்பட்டால் 14 நாளும், 6 மீட்டர் வரையுள்ள உத்திரத்தின் முட்டுகளை 14 நாளும், அதற்கு மேல் 21 நாளும் வைத்திருக்க வேண்டும் என்று ஐஎஸ் 456 சொல்கிறது. சாம்பல் கலந்த சிமெண்டுக்கு இன்னும் பொறுக்க வேண்டியிருக்கலாம். பயிற்சியில் சூப்பர்வைசர் இதை மனப்பாடமாகச் சொல்வார். ஆறாம் நாள், சென்ட்ரிங் பலகைக்கு வாடகை ஏறுகிறதே என்று முதலாளி கைபேசியில் அழைத்து, “பிரித்துவிடு, நான் பார்த்துக்கொள்கிறேன்” என்கிறார். மறுத்தால் வேலை போய்விடும் என்ற நிலையில், படித்தது எந்த மூலைக்கு? பயிற்சி வகுப்பில் முதலாளியும் திட்ட மேலாளரும் உட்கார வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான். முட்டுகளை யார் கையெழுத்தின் பேரில் பிரிப்பது, ஆபத்து கண்டால் வேலையை நிறுத்தும் உரிமை யாருக்கு உண்டு, நிறுத்தியவரைக் கேள்வி கேட்கும் முறை என்ன என்பவற்றை எழுதி, தளத்தில் ஒட்டி வைக்க வேண்டும். நிறுத்தியது தேவையில்லை என்று பின்னர் தெரியவந்தாலும், அந்த நாள் கூலிக்காக அவரைத் திட்டக் கூடாது. ஒருமுறை திட்டினால் அவர் இனிமேல் நிறுத்தவே மாட்டார்.

கீழே இருப்பவர் பேச்சு மேலே போய்ச் சேர வழியிருப்பதும் இதைச் சேர்ந்ததே. கேரளத்தில் வடகரைக்கு அருகே 1925-இல் சமூகச் சீர்திருத்தவாதி வாக்படானந்தரின் தூண்டுதலால் தொடங்கிய ஊராளுங்கல் தொழிலாளர் ஒப்பந்தக் கூட்டுறவுச் சங்கத்தில், இயக்குநர்களைத் தொழிலாளர் உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். எல்லா நிறுவனமும் கூட்டுறவாகிவிட முடியாதுதான். ஆனாலும் வாரம் ஒருமுறை கையாட்களின் குறையைக் கேட்டுப் பதில் சொல்ல எந்தச் சட்டமும் தடையில்லை.

காலைப் பாதுகாப்புப் பேச்சு, பதிவேட்டில் கையெழுத்து வாங்கும் சடங்காகிவிட்டதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அன்று குழி தோண்டுவதாக இருந்தால் மண் சரிவைப் பற்றி மட்டும் பேசினால் போதும்; ஒன்பது தலைப்புகள் வேண்டாம்.

பயிற்சி பலித்ததா என்பதைத் தேர்வுத்தாளில் பார்ப்பதும் தவறு. ஒரு மாதம் கழித்து, முன்னறிவிப்பின்றித் தளத்துக்குப் போங்கள். சூப்பர்வைசரை விட்டுவிட்டு, கம்பி கட்டிக்கொண்டிருக்கும் ஒரு கையாளிடம் அந்தக் கவர் பிளாக் எதற்கு என்று கேளுங்கள். “சூப்பர்வைசர் வைக்கச் சொன்னார்” என்ற பதில் வந்தால், வகுப்பை மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.