ஜுரம் வந்தா நைனா வருமா? பிரிந்த பெற்றோர் பற்றிச் சிறார் கதை எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வடசென்னையில் தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை பக்கம் சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குக் கதை வாசிக்கிறோம். கூடவே, சிறார் கதை எழுத வரும் இளைஞர்களின் கதைகளைப் படித்துக் கருத்துச் சொல்வதும் என் வேலை. இப்போது அம்மா அப்பா பிரிந்த வீடுகளைப் பற்றிய கதைகள் நிறைய வருகின்றன. வர வேண்டியதுதான். எங்கள் வாசிப்பு வட்டத்தில் உட்காரும் பிள்ளைகளில் அம்மாவோடு மட்டும் இருப்பவர்கள், ஆயா வீட்டில் வளர்கிறவர்கள், அம்மா மறுமணம் செய்தவரோடு ஒரே வீட்டில் இருப்பவர்கள் எல்லோரும் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டைப் போன்ற வீடு வரும் கதைகள் தமிழில் குறைவு.

ஆனால் நாங்கள் எழுதத் தொடங்கிய காலத்தில் செய்த அதே தவறுகளைப் புதியவர்களும் செய்கிறார்கள். எழுத்துப்பிழை, நீண்ட வாக்கியம், பெரியவர்களே பேசிக்கொண்டிருக்கும் காட்சி இதையெல்லாம் யாராவது திருத்திவிடுவார்கள். யாரும் திருத்தாமல் அச்சுக்குப் போய்விடுகிற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

கடைசிப் பக்கத்தில் சேர்த்துவைப்பது

கதை இப்படிப் போகும். அப்பா வீட்டை விட்டுப் போய்விடுவார். பிள்ளை ஏங்கும். முடிய இரண்டு பக்கம் இருக்கும்போது பிள்ளைக்குக் கடும் காய்ச்சல் வரும், இல்லையென்றால் சாலையில் அடிபடும். ஸ்டான்லி ஆஸ்பத்திரி வார்டில் கட்டிலுக்கு இந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம் அப்பா. பிள்ளை இருவர் கையையும் எடுத்து ஒன்றாக வைக்கும். முற்றும்.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இன்னமும் கோபம் வருகிறது. இப்படி ஒரு கதையை எங்கள் வட்டத்தில் ஒருவர் வாசித்தார். பிள்ளைகள் கைதட்டினார்கள். ஒரு பையன் மட்டும் தட்டவில்லை. காய்ச்சல் எத்தனை நாள் இருந்தது என்று கேட்டான். அடுத்த சனிக்கிழமை அவன் வரவில்லை, அவன் அம்மா வந்தார். பையன் ராத்திரி குழாயடியில் தலையை நனைத்துக்கொண்டு, துவட்டாமல் மொட்டைமாடியில் போய்ப் படுத்திருக்கிறான். ஏன்டா என்று கேட்டதற்கு, "ஜுரம் வந்தா நைனா வரும்ல" என்றானாம்.

வரவில்லை. அவன் அப்பா வேறு ஊரில் வேறு குடும்பத்தோடு இருக்கிறார்.

கதை எழுதியவர் நல்ல மனிதர், பிள்ளைகளுக்கு நம்பிக்கை தரத்தான் எழுதினார். ஆனால் அந்தப் பையன் காதில் விழுந்தது வேறு: நீ போதுமான அளவு கஷ்டப்பட்டால் அவர்கள் சேர்ந்துவிடுவார்கள். அப்படியானால், சேராமல் போனது யாருடைய குறை? அவனுடைய குறை. ஏற்கெனவே தன்னால்தான் வீடு பிரிந்தது என்று நினைத்துக்கொண்டிருக்கும் பிள்ளையின் தலையில் இன்னொரு பாரத்தை நாமே ஏற்றிவைக்கிறோம்.

இது ஒரு பையனோடு முடிகிற விஷயம் இல்லை. கலிபோர்னியாவில் ஜூடித் வாலர்ஸ்டீன், ஜோன் கெல்லி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1971இல் தொடங்கி, விவாகரத்தான 60 குடும்பங்களைப் பின்தொடர்ந்தார்கள். அம்மா அப்பாவைத் திரும்பச் சேர்த்துவிடலாம் என்ற கற்பனை பிள்ளைகளிடம் எவ்வளவு பிடிவாதமாக நிற்கிறது என்பதை 1980இல் வந்த அவர்கள் புத்தகம் காட்டியது. அந்தக் கற்பனைக்குத்தான் நம் கதைகள் தீனி போடுகின்றன.

இந்த முடிவு நமக்கு எப்படிப் பழகியது என்பதும் தெரிந்ததுதான். எரிக் கெஸ்ட்னர் 1949இல் ஒரு ஜெர்மன் சிறார் நாவல் எழுதினார். பிரித்து வளர்க்கப்பட்ட இரட்டைச் சிறுமிகள் இடம் மாறிப் போய்ப் பெற்றோரைச் சேர்த்துவைப்பார்கள். அது 1961இல் ஹாலிவுட் படமாகி, 1965இல் 'குழந்தையும் தெய்வமும்' என்று தமிழுக்கு வந்தது. குட்டி பத்மினியின் இரட்டை வேடத்தைப் பார்த்து உருகாதவர்கள் குறைவு. கெஸ்ட்னரை நான் குறை சொல்லமாட்டேன். அந்தக் காலத்தில் சிறார் நாவலில் விவாகரத்தைப் பேசியதே துணிச்சல். பெற்றோர் பிரியாமல் இருப்பதாலேயே துன்பப்படும் பிள்ளைகளும் உண்டு என்று அதே நாவலில் அவர் சொல்லியிருக்கிறார். நாம் அதை விட்டுவிட்டு முடிவை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

வேறு வழி இருக்கிறது என்பதை அமெரிக்கச் சிறார் எழுத்தாளர் ஜூடி ப்ளூம் 1972இலேயே காட்டிவிட்டார். அவருடைய நாவலில் ஆறாம் வகுப்புப் பெண் கேரன், பெற்றோரைச் சேர்த்துவைக்க என்னென்னவோ செய்து பார்ப்பாள். அண்ணன் வீட்டை விட்டு ஓடிப்போனதும், இந்த ஆபத்து அவர்களைச் சேர்த்துவிடும் என்று நம்புவாள். அவர்கள் ஒரே அறைக்கு வருவார்கள், வந்து முன்பைவிட மோசமாகச் சண்டை போடுவார்கள். அப்போதுதான் அவளுக்குப் புரியும். இன்னொரு அமெரிக்க எழுத்தாளர் பெவர்லி கிளியரி 1983இல் எழுதிய நாவலில் லாரி ஓட்டும் அப்பா கடைசியில் வாசலில் வந்து நிற்பார், மறுபடி சேரலாமா என்று கேட்பார். அம்மா மறுத்துவிடுவார். பையனுக்கு வருத்தமும் நிம்மதியும் சேர்ந்தே வரும். பிள்ளைகளுக்கான புத்தகங்கள்தான் இரண்டும். எந்தப் பிள்ளையும் உடைந்துபோய்விடவில்லை.

கடைசியில் நல்லது நடக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நடக்கக்கூடிய நல்லது நடக்கட்டும். எண்ணூர் பக்கம் கன்டெய்னர் லாரி ஓட்டும் அப்பா, ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் போகிறார். மகள் புதுப் பாவாடை போட்டுக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறாள். ஒருநாள் அவரிடமே கேட்டுவிடுகிறாள்: "வர முடியலைன்னா காலையிலேயே போன் பண்ணிடுப்பா, நான் விளையாடவாவது போவேன்." அதற்கடுத்த வாரம் காலையில் போன் வருகிறது. அன்றைக்கும் அவர் வரவில்லை, ஆனால் போன் வந்தது. இதுவே ஒரு முடிவுதான். வீடு சேரவில்லை, அவள் ஞாயிற்றுக்கிழமை அவளுக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது.

கொடுமைக்காரச் சித்தி

ஜெர்மன் நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்களின் 1812ஆம் ஆண்டு முதல் பதிப்பில், ஹேன்ஸலையும் கிரெட்டலையும் காட்டில் விட்டுவரச் சொல்வது பெற்ற தாய்தான். ஸ்னோ ஒயிட்டைக் கொல்லச் சொன்னதும் பெற்ற தாய்தான். பின்வந்த பதிப்புகளில் இருவரையும் மாற்றாந்தாய் ஆக்கிவிட்டார்கள். பெற்ற தாய் கெட்டவளாக இருப்பதைத் தாங்க முடியாமல் பழியைத் தூக்கி வந்தவள் மேல் போட்டார்கள். நம் கதைகளிலும் அதுதான் நடக்கிறது.

நம்மிடம் துருவன் கதை இருக்கிறது. அப்பாவின் மடியில் ஏறப் போன பிள்ளையைச் சித்தி சுருசி தடுக்கிறாள், எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். சிம்மாசனத்தில் உட்கார்ந்திருந்த அப்பா உத்தானபாதன் வாய் திறக்கவில்லையே, அதை யார் எழுதுகிறார்கள்? மறுமணம் நடந்த வீட்டில் பிள்ளையை அதிகம் காயப்படுத்துவது பெரும்பாலும் அந்த அப்பாவின் மௌனம்தான். சித்தியைத் திட்டி எழுதினால் அப்பா தப்பித்துக்கொள்கிறார்.

சித்தியை நல்லவளாக்கவும் வேண்டாம். இட்லிக்குப் பிள்ளை சட்னி தொடாது, பொடிதான் தொடும் என்பது தெரியாமல் நிற்கும் ஒரு புதுப் பெண்ணாக இருக்கட்டும். கேட்கக் கூச்சப்படட்டும்.

சைக்கிள் வாங்கித் தந்ததும் பாசம்

அம்மாவை மறுமணம் செய்தவர் ஒரு சைக்கிள் வாங்கித் தந்ததுமே பிள்ளை ஒட்டிக்கொள்வதாக எழுதுகிறார்கள். ஒரு பள்ளி ஆண்டாவது போகட்டும்.

சினிமா கோர்ட்

கூண்டில் பிள்ளையை ஏற்றி, நூறு பேர் முன்னால் "அம்மாவா, அப்பாவா?" என்று கேட்கும் காட்சி. பிரிவை எதிர்நோக்கி இருக்கும் பிள்ளை இதைப் படித்தால் ராத்திரி தூங்காது. 1984ஆம் ஆண்டு குடும்ப நீதிமன்றச் சட்டப்படி, இருவரில் ஒருவர் கேட்டாலே விசாரணையை மூடிய அறையில் நடத்த வேண்டும். விவரம் தெரிந்த வயதுப் பிள்ளை என்றால் அதன் விருப்பத்தை நீதிபதி கருத்தில் கொள்ளலாம் என்று 1890ஆம் ஆண்டு காப்பாளர் சட்டம் சொல்கிறது. பெரும்பாலும் நீதிபதி தன் அறைக்குக் கூப்பிட்டுத்தான் பேசுவார். நம் பிள்ளைகள் போகிற இடம் பாரிமுனையில் உயர் நீதிமன்ற வளாகத்துக்குள் இருக்கும் குடும்ப நீதிமன்றம். அங்கே காத்திருப்பதுதான் அதிகம். அந்தக் காத்திருப்பை எழுதுங்கள்.

ஒரே நாளில் தீர்ப்பும் வராது. இந்துத் திருமணச் சட்டத்தில் இருவரும் ஒப்புக்கொண்டு பிரிய, ஓராண்டு தனித்தனியாக இருந்திருக்க வேண்டும். மனு போட்ட பிறகு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். அந்த ஆறு மாதத்தைத் தகுந்த வழக்குகளில் நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. உங்கள் கதை ராயபுரத்துக் கிறிஸ்தவக் குடும்பம் என்றால் சட்டமே வேறு, 1869ஆம் ஆண்டுச் சட்டம். அதில் ஒப்புதலோடு பிரியும் வழி 2001 திருத்தத்தில்தான் வந்தது. அப்புறம், நம் ஏரியாவில் கோர்ட் வாசலையே மிதிக்காமல் பெரியவர்கள் பேசிப் பிரித்துவிட்ட வீடுகளும் உண்டு. அந்தப் பிள்ளைக்கு எந்தக் காகிதமும் கிடையாது. ஒருநாள் அப்பாவின் லுங்கி கொடியில் இல்லை, அவ்வளவுதான்.

மழை

அம்மா அழும்போதெல்லாம் மழை பெய்ய வேண்டாம்.

இனிஷியலை மறப்பது

இது நமக்கே உரிய விஷயம், இதை யாருமே எழுதுவதில்லை. அம்மா மறுமணம் செய்த வீட்டில் அக்காவுக்கு ஒரு இனிஷியல், புதிதாகப் பிறந்த தம்பிக்கு வேறு இனிஷியல். இருவரும் ஒரே பள்ளியில் படித்தால் வருகைப்பதிவேடு கூப்பிடும்போது தெரிந்துவிடும். பக்கத்து பெஞ்ச் கேட்கும். டீச்சரும் கேட்பார். அந்த ஒரு எழுத்தை வைத்து ஒரு கதையே எழுதலாம்: நோட்டு அட்டையில் பெயரை மட்டும் எழுதிவிட்டு இனிஷியலுக்கு இடம் விட்டுவைக்கும் பெண்ணின் கதை.

இரண்டு வீடு, ஒரே பை

வாரக்கடைசியில் பெரம்பூர் அப்பா வீடு, மற்ற நாள் திருவொற்றியூர் அம்மா வீடு என்று எழுதுகிறீர்கள். சரி. கணக்கு நோட்டு எந்த வீட்டில் இருக்கிறது? பல் துலக்கும் பிரஷ் இரண்டா, ஒன்றா? அப்பா வீட்டில் படுப்பது யாருடைய பாயில்? பிரிட்டிஷ் சிறார் எழுத்தாளர் ஜாக்குலின் வில்சன் 1992இல் எழுதிய நாவலில் ஆன்டி ஒரு வாரம் அம்மா வீட்டிலும் ஒரு வாரம் அப்பா வீட்டிலும் இருப்பாள்; எங்கேயும் அவளுக்கென்று ஓர் அறை இருக்காது, சின்னப் பொம்மை முயல் ஒன்றுதான் கூடவே வரும். அவள் துக்கத்தை அந்த முயலை வைத்தே நம்பவைத்துவிடுகிறார்.

பிள்ளைகளிடம் வாசித்துக் காட்டாமல் அனுப்புவது

அமெரிக்காவில் 'செசமி ஸ்ட்ரீட்' என்ற சிறார் தொலைக்காட்சி நிகழ்ச்சியின் குழுவினர் 1992இல் ஒரு பாத்திரத்தின் பெற்றோர் விவாகரத்து செய்வது பற்றி ஒரு பகுதி எடுத்தார்கள். நிபுணர்களைக் கேட்டுத்தான் எடுத்தார்கள். ஒளிபரப்பும் முன்பு சின்னப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினால், அந்தப் பாத்திரம் இனி அப்பாவைப் பார்க்கவே முடியாது என்று சிலர் புரிந்துகொண்டார்கள். வீட்டில் சண்டை வந்தாலே விவாகரத்துதான் என்று சிலர் பயந்தார்கள். எடுத்து முடித்த பகுதியை ஒளிபரப்பாமலே வைத்துவிட்டார்கள். அதே விஷயத்தை வேறு விதமாகச் செய்து வெளியிட்டது 2012இல்தான்.

அவ்வளவு பெரிய குழுவே சோதித்துப் பார்த்தது. நீங்களும் நாலைந்து பிள்ளைகளை உட்காரவைத்து வாசித்துக் காட்டுங்கள். பிடித்திருந்ததா என்று கேட்காதீர்கள், எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். கதை முடிந்த மறுநாள் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று கேளுங்கள். "அப்பா வந்துடுவாரு" என்று ஒரு பிள்ளை சொன்னாலும், ஏன் அப்படித் தோன்றியது என்று அந்தப் பிள்ளையிடமே கேட்டு, அது காட்டும் பக்கத்தைத் திருத்தி எழுதுங்கள்.