வானொலி நேர்காணலுக்கு முன் ஒலிவாங்கியில் வெடித்த ‘ப’

மரபு நெல் பற்றிய வானொலி நேர்காணலுக்கு வீட்டிலிருந்தே பேச வேண்டியிருந்ததால், மூன்று நாள் முன்னதாக ஒத்திகையைப் பதிவு செய்து கேட்டபோது, இடையிடையே ‘டப் டப்’ என்று காற்று மோதும் ஓசை வந்தது. மின்விசிறியை நிறுத்தினேன், ஒலிப்பதிவின் அளவைக் குறைத்தேன், பஞ்சு உறை வாங்கி மாட்டியும் ஓசை தணிந்ததேயன்றிப் போகவில்லை. வரி வரியாக நிறுத்திக் கேட்டபோதுதான், ‘பூங்கார்’, ‘மாப்பிள்ளை’, ‘கருப்புக் கவுனி’ ஆகிய நெல் பெயர்ச் சொற்களில் வெடித்த அதே பகரம், மென்மையாக ஒலிக்கும் ‘சம்பா’விலும் ‘மரபு’விலும் வெடிக்கவில்லை என்பது தெரிந்தது. அழுத்தமான ‘ப’வுக்கு இதழ் திறக்கும்போது வெளிப்படும் காற்று நேராக ஒலிவாங்கியில் அடிக்கிறது, ஆகவே அதை வாய்க்கு எதிரே வைக்காமல், ஒரு சாண் தள்ளிக் கன்னத்தோரமாக, முனை மட்டும் உதட்டை நோக்கும்படி சாய்த்து வைத்தேன். ‘மாப்பிள்ளைச் சம்பா’ என்று பத்து முறை சொல்லிப் பதிவு செய்து பார்த்தேன், ஒருமுறைகூட வெடிக்கவில்லை. நேர்காணலும் நிம்மதியாக முடிந்தது.