ஒரே ஒரு ரோ போதுமா? அதை டேட்டாபேஸிடமே சொல்லுங்கள்

ஒரு சென்சார் நிமிடத்துக்கு ஓர் அளவு அனுப்பினால் ஆண்டுக்கு டேட்டாபேஸ் டேபிளில் 5,25,600 ரோக்கள் (வரிகள்) சேரும். 40 சென்சார் என்றால் 2 கோடியைத் தாண்டும். அதில் 7-ஆம் எண் சென்சாரின் கடைசி அளவு மட்டும் வேண்டும்.

பைதான் பழகிய புதிதில் அந்த சென்சாரின் எல்லா ரோக்களையும் செலக்ட் செய்து, நேரப்படி அடுக்கி, ஒரு ரோவை எடுத்துத் தரும் ஃபெட்ச்ஒன் போட்டேன். பெயரிலேயே 'ஒன்' இருக்கிறதே! ஆனால் புரோகிராம் அசையவே இல்லை. காரணம், பைதானை போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸோடு இணைக்கும் சைகோபிஜி2-வின் சாதாரண கர்சரில் (கேள்வியை அனுப்பி விடையை வாங்கித் தருவது) எக்ஸிக்யூட் வரியிலேயே முழு விடையும் நம் கணினியின் மெமரிக்கு வந்துவிடும். வந்து குவிந்ததில் மேலே இருப்பதை எடுத்துக் கொடுப்பதுதான் ஃபெட்ச்ஒன்னின் வேலை. ஒரு படி அரிசிக்கு மூட்டையையே வீட்டுக்குத் தூக்கிவந்த கதை.

படி 1: குவெரியிலேயே (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வியிலேயே) லிமிட் 1 போடுங்கள். (தமிழில் எழுதியிருக்கிறேன், நீங்கள் ஆங்கிலத்தில் அடியுங்கள். டெஸ்க் என்றால் இறங்குவரிசை, அதாவது புதியது முதலில்.)

செலக்ட் * ஃப்ரம் அளவுகள் வேர் சென்சார்_ஐடி = 7 ஆர்டர் பை நேரம் டெஸ்க், ஐடி டெஸ்க் லிமிட் 1;

போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல் இரண்டிலும் இதுவே. எஸ்க்யூஎல் சர்வரில் டாப் 1.

ஆர்டர் பை இல்லாமல் லிமிட் போட்டால் எந்த ரோ வரும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. இரண்டு ரோக்களுக்கு ஒரே நேரம் இருந்தால் குழப்பம் வராமலிருக்கத்தான் ஐடியையும் சேர்த்தேன்.

படி 2: இண்டெக்ஸ், அதாவது புத்தகத்தின் பின்னால் இருக்கும் சொல்லடைவு போல, தேடுவதை நேராகக் காட்டும் பட்டியல். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். லிமிட் போட்டதும் நெட்வொர்க்கில் வருவது ஒரு ரோதான். ஆனால் அந்த ஒன்றைக் கண்டுபிடிக்க சர்வர் டேபிள் முழுவதையும் புரட்டும். குவெரிக்கு முன்னால் எக்ஸ்பிளைன் அனலைஸ் (சர்வர் எப்படித் தேடியது என்று காட்டும் கட்டளை) சேர்த்து ஓட்டுங்கள், போஸ்ட்கிரெஸில் 'சீக் ஸ்கேன்', அதாவது முழு டேபிளையும் வரிசையாகப் படித்தது என்று காட்டும். சரி, இப்போது:

கிரியேட் இண்டெக்ஸ் ஆன் அளவுகள் (சென்சார்_ஐடி, நேரம், ஐடி);

வரிசை முக்கியம்: வேரில் வருவது முதலில், அடுக்குவது அப்புறம். மறுபடி ஓட்டினால் போஸ்ட்கிரெஸில் 'இண்டெக்ஸ் ஸ்கேன் பேக்வர்ட்' என்று வரும். 7-ஆம் சென்சாரின் பகுதிக்கு நேராகப் போய், கடைசியிலிருந்து ஒன்றை எடுத்ததும் நின்றுவிடுகிறது.

படி 3: இப்போது ஃபெட்ச்ஒன் போடலாம். ரோவே இல்லையென்றால் அது 'நன்' என்ற வெற்று மதிப்பைத் தரும். அதைச் சோதிக்காமல் ரோவின் முதல் நெடுவரிசை மதிப்பை எடுக்கப் போனால் டைப்எரர்தான்.